குழாய் ஒரு கணக்கு சொல்கிறது, குழி வேறு கணக்கு சொல்கிறது: பனியின் நீர் அளவுக்கு எதை நம்புவது?

தாரகை:

எல்லோருக்கும் வணக்கம். இயற்பியலில் முதுகலை முடித்துவிட்டுப் பனி நீரியல் ஆய்வுக்குழு ஒன்றில் இந்தக் குளிர்காலத்தில்தான் சேர்ந்தேன். ஆய்வகத்தில் அளந்து பழகியவள். வெட்டவெளியில், கையுறை போட்ட விரல்களோடு, காற்றில் ஆடும் தராசைப் படிப்பது எனக்குப் புதிது. குழுத்தலைவர் இப்போது வேறு முகாமில் இருப்பதால் இங்கே கேட்கிறேன்.

மரமில்லாத, ஏறக்குறைய சமமான ஒரு திட்டில் பனிக்குழி தோண்டினோம். தரை வரை ஆழம் 140 செ.மீ. வெயில் படாத பக்கத்துச் சுவரைச் செதுக்கி நேராக்கி, ஆயிரம் கன செ.மீ. கொள்ளும் ஆப்பு வடிவ கட்டரால் மேலிருந்து கீழ்வரை 10 செ.மீ.க்கு ஒரு மாதிரியாக வெட்டி எடை போட்டோம். மேலே புதுப்பனி, கன மீட்டருக்கு 110 கிலோ. அதற்குக் கீழே காற்று இறுக்கிய அடுக்கு 360 வரை போகிறது. நடுவில் அநேகமாக 320, 330. தரையை ஒட்டிய 20 செ.மீ. மட்டும் தனி ரகம்: 265, 260. மொத்தச் சராசரி 290. ஆகவே நீர்ச் சமானம், அதாவது பனி முழுவதும் உருகினால் நிற்கும் நீரின் ஆழம், 40.6 செ.மீ.

அதே குழியின் பின்புறம், யாரும் மிதிக்காத பனியில், பனியை வெட்டி எடுத்து எடைபோடும் மாதிரிக்குழாயை மூன்று இடங்களில் இறக்கினோம். முதல் இடத்தில் குழாய்க்குள் நின்ற பனியின் நீளம் 112 செ.மீ., நீர்ச் சமானம் 36.0 செ.மீ. இரண்டாவதில் 114, 36.5. மூன்றாவதில் 131, 41.0. மூன்று இடங்களிலும் வெளியே பனியின் ஆழம் அதே 140தான். மூன்றின் சராசரி 37.8 செ.மீ. குழி சொல்வதைவிட 2.8 செ.மீ. குறைவு, கிட்டத்தட்ட 7 சதவீதம்.

ஆய்வகமாக இருந்தால் இன்னும் பல முறை அளந்து சராசரி எடுத்திருப்பேன். இங்கும் அதுதான் வழியா? அல்லது குழியையும் குழாயையும் சேர்த்து ஒரே சராசரியாகப் போட்டுவிடலாமா?

இன்னொரு சின்னக் கேள்வி. அடி அடுக்கில் இருப்பவை 4 மி.மீ. அளவுள்ள, கோப்பை போலக் குழிந்த, வரிவரியாகக் கோடு விழுந்த படிகங்கள். டெப்த் ஹோர் என்று அடையாளம் கண்டோம். ஆனால் மேற்பரப்பில் மைனஸ் 11 டிகிரி, தரையில் மைனஸ் 0.5. மீட்டருக்கு 7.5 டிகிரிதான் வித்தியாசம். இந்த வகைப் படிகம் வளர மீட்டருக்கு 10 டிகிரிக்கு மேல் வேண்டும் என்று படித்திருக்கிறேன். எப்படி உண்டானது?

அலைநீளம்:

குழியை நம்புங்கள் என்பேன். குழியில் ஒவ்வொரு மாதிரியையும் கண்ணால் பார்த்து வெட்டுகிறீர்கள். குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஆனாலும் கட்டரையும் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். ஆப்பு வடிவம் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருப்பதால், அது வெட்டும் 10 செ.மீ.க்குள் எல்லா உயரத்துக்கும் ஒரே பங்கு கிடைப்பதில்லை. அடர்த்தி சீராக இருக்கும் இடத்தில் இது பாதிக்காது. புதுப்பனிக்கும் காற்று இறுக்கிய அடுக்குக்கும் இடையே, 110இலிருந்து 360க்குத் தாவும் இடத்தில், பாதிக்கும். மெல்லிய பனிக்கட்டித் தகடு இருந்தால் அதை வெட்டும்போது சில்லுசில்லாக உடைந்து பக்கத்தில் விழுந்துவிடும். அதையும் கவனியுங்கள்.

எது எப்படியோ, குழியையும் குழாயையும் சேர்த்து ஒரே சராசரி எடுப்பது மட்டும் வேண்டாம். நான் ரேடார் பக்கம் வேலை செய்பவன். நீங்கள் தரும் எண்ணை வைத்துத்தான் எங்கள் கணக்கு சரியா என்று பார்க்கிறோம். இரண்டு கருவிகளைக் கலந்த எண் வந்தால், பிழை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

உறைநிலை:

தாரகை, உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. குழாய் நீளத்தை எழுதி வைத்திருக்கிறீர்களே, அதற்காக முதலில் உங்களைப் பாராட்ட வேண்டும். எடையை மட்டும் எழுதிவிட்டு நீளத்தை விட்டுவிடும் கள ஏடுகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. எடை மட்டும் இருந்தால் 37.8தான் உண்மை என்று அது உலகத்துக்குப் போயிருக்கும்.

மூன்று வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பாருங்கள். மூன்றாவது மாதிரிக்கும் முதல் மாதிரிக்கும் நீளத்தில் 19 செ.மீ. வித்தியாசம், நீரில் 5.0 செ.மீ. ஐந்தைப் பத்தொன்பதால் வகுத்தால் 0.263. அதாவது முதல் மாதிரியில் காணாமல் போன பனியின் அடர்த்தி கன மீட்டருக்கு 263 கிலோ. மூன்றாவதுக்கும் இரண்டாவதுக்கும் 17 செ.மீ., 4.5 செ.மீ. அது 265. இப்போது உங்கள் குழியின் அடி இருபது செ.மீ. என்ன சொல்கிறது? 265, 260.

காணாமல் போனது எது என்று அந்தப் பனியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறது. முதல் இரண்டு தடவையும் குழாயைத் தூக்கும்போது அடியிலிருந்த ஹோர் அடுக்கு ஏறக்குறைய முழுவதுமாக நழுவி விழுந்துவிட்டது. மூன்றாவது தடவை விழவில்லை. அந்த மூன்றாவது மாதிரியின் 41.0ஐ 140ஆல் வகுத்தால் 293. குழியின் 290க்கு ஒரு சதவீதம்தான் வித்தியாசம். ஒருமுறை தரைவரை நேர்மையாக எடுத்த குழாயும் குழியும் ஒன்றையே சொல்கின்றன.

ஆகவே, அலைநீளம் சொன்னதில் ஒரு பாதியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குழி எப்போதும் சரி, குழாய் எப்போதும் சந்தேகம் என்று கருவியைப் பார்த்து முடிவு கட்டக் கூடாது. இந்த மாதிரி, இந்த இடத்தில், தரையைத் தொட்டதா, தொட்டதை அப்படியே மேலே கொண்டுவந்ததா என்று பார்த்துத்தான் நம்ப வேண்டும். அதற்கு ஒரே சாட்சி குழாயின் நுனி. மண் தக்கை ஒன்று நுனியை அடைத்துக்கொண்டு வந்திருந்தால் அதற்கு மேலே உள்ள பனி தப்பித்திருக்க வழியில்லை. நுனி சுத்தமாக, வெள்ளையாக இருந்தால் அந்த எடையை நான் தொடமாட்டேன், மறுபடி இறக்குவேன். உங்கள் ஏட்டில் மூன்றாவது மாதிரிக்கு எதிரே மண் பற்றி ஏதாவது குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஹோர் ஏன் நழுவுகிறது என்பதைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தப் படிகங்களுக்குள் ஒட்டுறவே கிடையாது. ஒவ்வொன்றும் தனித்தனி. உள்ளங்கையில் வைத்துச் சாய்த்தால் சர்க்கரை போலக் கொட்டிவிடும். குழாயின் உள்சுவரைப் பற்றிக்கொண்டு நிற்க அவற்றுக்குத் தெம்பு இல்லை. மேலே உள்ள இறுகிய பனி குழாய்க்குள் தக்கையாக நிற்கும், கீழே உள்ளது போய்விடும்.

அது எப்படி உண்டானது என்ற உங்கள் சின்னக் கேள்வி உண்மையில் சின்னது அல்ல. நீங்கள் இன்றைய வெப்பநிலையை அளந்திருக்கிறீர்கள். ஹோர் வளர்ந்தது இன்று அல்ல. குளிர்காலத் தொடக்கத்தில் அங்கே 30 செ.மீ. பனி மட்டும் கிடந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். தரை கோடையின் வெப்பத்தை இன்னும் வைத்திருப்பதால் அடியில் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். தெளிந்த இரவில் மேற்பரப்பு மைனஸ் 9க்குப் போனால், மீட்டருக்கு 30 டிகிரி. தேவைக்கு மூன்று மடங்கு. வெப்பமான அடிப்பகுதியிலிருந்து நீராவி கிளம்பி மேலே உள்ள குளிர்ந்த படிகங்களின் அடிப்பக்கத்தில் படிந்து, உருண்டையாக இருந்தவை முகம் முகமாகக் கூர்ந்து, பிறகு கோப்பையாக வளர்ந்தன. அதன் பிறகு பெரும்பனி பெய்து போர்வை தடித்ததும் வெப்பநிலைச் சரிவு குறைந்தது. ஆனால் வளர்ந்த படிகம் சட்டென்று பழைய வடிவத்துக்குத் திரும்பாது. நீங்கள் பார்ப்பது அந்தக் குளிர்காலத் தொடக்கத்தின் பதிவு.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த அடுக்கு சமதரையில் உங்கள் எடையைக் கெடுக்கிறது, சரிவில் ஆளையே கொன்றுவிடும். பனிச்சரிவுகள் பலவற்றுக்கு அடிப்படை அந்த ஒட்டாத அடுக்குதான். நடக்கும்போது காலடியில் பனி திடீரென்று அமுங்கி ‘வும்ப்’ என்று ஓசை கேட்டால், மேலே சரிவு எதுவும் இல்லாத இடத்துக்கு எல்லோரும் விலகுங்கள். அளவீடு பிறகு நடக்கட்டும்.

இனி சராசரி பற்றி. ஆய்வகத்தில் நீங்கள் பழகியது சிதறல். மேலும் கீழுமாக விழும் பிழை. பல முறை அளந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். இங்கே இருப்பது சாய்வு. குழாய் அடிப்பனியைக் கீழே விடத்தான் செய்யும், ஒருபோதும் கூடுதல் ஹோரை உள்ளே இழுத்துக்கொண்டு வராது. ஒரே பக்கமாக விழும் பிழையை நூறு முறை அளந்தாலும் அது குறையாது. சிதறல் மட்டும் சுருங்கி, தவறான எண் மேல் உங்களுக்கு நம்பிக்கை கூடிப்போகும். அதுதான் இதில் ஆபத்து.

கருவியைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், பிடித்துப்போகும். பனியைக் குழாயால் எடுத்து எடைபோட்டு நீரைக் கணக்கிடும் முறையை வேரூன்றச் செய்தவர் ஜேம்ஸ் சர்ச். நெவாடா பல்கலைக்கழகத்தில் லத்தீன் கற்பித்த பேராசிரியர். 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ரோஸ் மலையில் ஏறி இறங்கி இதைச் செய்தார். தாஹோ ஏரி வசந்தத்தில் எவ்வளவு உயரும் என்பதைப் பனியின் எடையை வைத்தே முன்கூட்டிச் சொல்ல முடியும் என்று காட்டியவர் அவர். அந்த வழியில் வந்த அமெரிக்கக் குழாயின் வெட்டு வாய் 1.485 அங்குலம். ஏன் அப்படி ஓர் அளவு? அந்த வாய்க்குள் ஓர் அங்குல நீருக்குச் சமமான பனி சரியாக ஓர் அவுன்ஸ் எடை இருக்கும். தராசைப் படித்தாலே நீர் அளவு. கணக்கே வேண்டாம். கைவிரைத்துப் போகும் குளிரில் மனக்கணக்குப் போடச் சொல்லாத கருவி. அதை வடிவமைத்த கைகளை நான் வணங்குகிறேன்.

ஆனால் அந்த மெல்லிய வாய்க்கு ஒரு விலை உண்டு. 1.485 அங்குலம் என்றால் 3.77 செ.மீ., பரப்பு 11.2 சதுர செ.மீ. உங்கள் 40 செ.மீ. நீர் மொத்தமும் சேர்ந்து சுமார் 450 கிராம்தான். குழாயின் உள்ளே முந்தின மாதிரியிலிருந்து 10 கிராம் பனி ஒட்டிக்கொண்டிருந்தாலே கிட்டத்தட்ட ஒரு செ.மீ. தவறு. அதனால்தான் ஒவ்வொரு மாதிரிக்கும் முன்னால் காலிக் குழாயை மறுபடி எடைபோட வேண்டும். ஒருமுறை போட்ட எடையை நாள் முழுக்கக் கழித்துக்கொண்டிருக்கக் கூடாது. குழாயை வெயிலில் சாய்த்து வைக்கவும் கூடாது. சுவர் இளகி, பனி தொட்டதும் உறைந்து ஒட்டும். வேலை தொடங்கும் முன் நிழலில் பனிக்குள் செருகி வைத்து அதையும் குளிரவிடுங்கள்.

இன்னொன்று: இந்த வகைக் குழாய் ஆழமான, கெட்டியான பனியில் எதிர்ப்பக்கமும் பிழை செய்யும். பல் வைத்த விளிம்பு, வாய்க்கு வெளியே இருக்க வேண்டிய பனியையும் உள்ளே தள்ளிவிடுகிறது. 10 சதவீதம் வரை கூடுதலாகக் காட்டியதை ஒப்பீட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன. உங்கள் மூன்றாவது மாதிரி குழியைவிட ஒரு சதவீதம் கூடியிருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

தாரகை:

மிக்க நன்றி அக்கா. ஏட்டைத் திறந்து பார்த்தேன். மூன்றாவது மாதிரிக்கு எதிரே ‘நுனியில் மண், புல்வேர், 2 செ.மீ., சுரண்டி எடுத்தபின் எடை’ என்று என் தோழி எழுதியிருக்கிறாள். 131 என்பது மண்ணைக் கழித்த நீளம். முதல் இரண்டுக்கும் எதிரே ஒன்றும் இல்லை.

இரண்டு கேள்விகள் வருகின்றன. மூன்றாவதிலும் 131தானே இருக்கிறது, 140 இல்லையே? மீதி 9 செ.மீ. எங்கே? அடுத்தது, இப்போது விமானத்திலிருந்து லைடார், அதாவது லேசர் ஒளியால் தூரம் அளக்கும் கருவி, கொண்டு பனி ஆழத்தை வரைபடமாகவே எடுக்கிறார்கள். செயற்கைக்கோள்களும் இருக்கின்றன. இப்படிக் குழாயும் கரண்டியுமாக ஒரு புள்ளியில் சில மி.மீ.க்குப் போராடுவது எந்த அளவுக்கு உதவும்? மனம் தளர்ந்து கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

நீரோட்டம்:

அணைக்கு வரும் நீரை முன்கணிக்கும் வேலை என்னுடையது. அதனால் இரண்டாவது கேள்விக்கு என் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஒரு மி.மீ. நீர் ஒரு சதுர கி.மீ. பரப்பில் ஆயிரம் கன மீட்டர். உங்கள் இரண்டு விடைகளுக்கும் இடையே 28 மி.மீ. நூறு சதுர கி.மீ. உள்ள ஒரு சிறிய நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு அதே தவறு பரவினால் 28 லட்சம் கன மீட்டர். அணையின் கதவை எப்போது திறப்பது, எவ்வளவு இடம் காலியாக வைத்திருப்பது என்று முடிவு செய்பவருக்கு அது சில மி.மீ. அல்ல.

அதோடு நீங்கள் எடுத்த வெப்பநிலை வரிசையையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எனக்கு அது அடர்த்திக்குச் சமமான மதிப்புள்ளது. உங்கள் பனியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 5 என்று வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு 406 கிலோ பனி. அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர, கிலோவுக்கு டிகிரிக்கு 2.1 கிலோஜூல் வீதம், சுமார் 4,260 கிலோஜூல் வேண்டும். அதே வெப்பம் உருகவைக்கப் போயிருந்தால், கிலோவுக்கு 334 கிலோஜூல் என்பதால், 13 மி.மீ. நீர் கிடைத்திருக்கும். அதாவது வசந்தத்தின் முதல் வெப்பத்தில் ஒரு பங்கைப் பனி தன்னைச் சூடாக்கிக்கொள்ளவே செலவழித்துவிடும், ஆற்றில் ஒன்றும் வராது. மேலிருந்து அடிவரை எல்லா இடத்திலும் பூஜ்யம் என்று உங்கள் வெப்பமானி காட்டும் நாளுக்காகத்தான் நான் காத்திருப்பேன். அதன்பின் உருகுவது கீழே இறங்கத் தொடங்கும்.

ஆனால் ஒரு விஷயத்தில் உறைநிலை அவர்களோடு சற்று வேறுபடுகிறேன். எங்கள் முன்கணிப்பு பல ஆண்டு அளவீட்டையும் பல ஆண்டு ஆற்று வரத்தையும் பொருத்திப் பார்ப்பது. குழாய் ஆண்டுதோறும் ஒரே அளவு குறைத்துக் காட்டினால் அந்தப் பொருத்தமே அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். ஆகவே எங்களுக்கு முறையை மாற்றாமல் இருப்பதே முக்கியம். திடீரென்று ஒரு வருடம் வேறு குழாய், வேறு இடம் என்று மாற்றினால்தான் தலைவலி.

அலைநீளம்:

செயற்கைக்கோள் பற்றி மட்டும் சுருக்கமாக. நுண்ணலை உணரிகள் பனியிலிருந்து வரும் கதிர்வீச்சை வைத்து நீர் அளவைக் கணிக்கின்றன. நீர்ச் சமானம் 150 மி.மீ.யைத் தாண்டினால் சமிக்ஞை தேங்கிவிடும். அதற்குமேல் பனி கூடினாலும் எண் கூடாது. தாரகையின் திட்டில் 400 மி.மீ. இருக்கிறது. மேலும் ஒரு பிக்சல் பல கி.மீ. அகலம். அதற்குள் முகடும் பள்ளத்தாக்கும் காடும் எல்லாம் அடங்கிவிடும். பனி ஈரமாகிவிட்டால் நிலைமை இன்னும் மோசம்.

2017இல் நாசா ஸ்னோஎக்ஸ் களப்பணியைக் கொலராடோவின் கிராண்ட் மேசாவில் நடத்தியபோது, மேலே விமானங்கள் உணரிகளோடு பறந்தன, கீழே ஆட்கள் வரிசையாகக் குழி தோண்டி அளந்தார்கள். உணரி எவ்வளவு நவீனமோ அவ்வளவுக்குக் கீழே உள்ள கரண்டியும் தேவைப்பட்டது. உங்கள் குழி எங்களுக்குப் பழைய கால மிச்சமல்ல, அதுதான் எங்கள் அளவுகோல்.

சராசரி விஷயத்தில் உறைநிலை போட்ட கழித்தல் கணக்கை நான் யோசிக்கவில்லை. நுனியைப் பார்க்காமல் கருவியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதை ஏற்கிறேன்.

உறைநிலை:

முதலில் அந்த 9 செ.மீ. அது எங்கும் போகவில்லை. குழாய் இறங்கும்போது மேலே உள்ள புதுப்பனி அமுங்கும். 110 கிலோ அடர்த்தி என்றால் பெரும்பகுதி காற்றுதானே. நீளம் குறையும், எடை குறையாது. அதனால் நீளம் கொஞ்சம் குறைவதை மட்டும் வைத்து மாதிரியைத் தள்ளிவிடக் கூடாது. நான் வைத்திருக்கும் எல்லை, வெளி ஆழத்தில் 90 சதவீதமாவது குழாய்க்குள் நிற்க வேண்டும் என்பது. உங்கள் மூன்றாவது 94 சதவீதம். முதலிரண்டும் 80, 81. புதுப்பனி நிறையக் கிடக்கும் நாளில் இந்த எல்லையைத் தளர்த்துவேன். அன்று மண் தக்கைதான் கடைசித் தீர்ப்பு.

நீரோட்டம் சொன்னது அவர் வேலைக்கு நியாயம். ஆண்டுதோறும் ஒரே அளவு பிழை என்றால் பொருத்தம் அதை விழுங்கிவிடும். ஆனால் இந்தப் பிழை அப்படி நிலையாக இருக்காது. ஹோர் எப்போது வளர்கிறது என்று பாருங்கள்: தொடக்கத்தில் பனி குறைவாகவும் வானம் தெளிவாகவும் குளிர் கடுமையாகவும் இருக்கும் ஆண்டில். முதல் பனியே கனமாகப் பெய்துவிட்ட ஆண்டில் அடி அடுக்கு உறுதியாக இருக்கும், குழாய் எதையும் நழுவவிடாது. ஒரு வருடம் 5 செ.மீ. குறைத்துக் காட்டும் குழாய் மறுவருடம் சரியாகக் காட்டும். பனி மந்தமாகத் தொடங்கிய, அதாவது தண்ணீர்க் கவலை ஏற்கெனவே தலைதூக்கியிருக்கும் ஆண்டில்தான் பிழை வரும். முறையை மாற்றாமல் வைத்திருப்பது போதாது ஐயா. நுனி பார்க்கப்பட்டதா என்ற ஒரு கட்டத்தையும் உங்கள் படிவத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

லைடார் பற்றி நான் மனதாரச் சொல்கிறேன், அது பெரிய கொடை. கலிபோர்னியாவின் டுவாலமி நீர்ப்பிடிப்பில் 2013 முதல் பறக்கிறார்கள். பனி இல்லாத நிலத்தின் உயரத்தைப் பனி மூடிய உயரத்திலிருந்து கழித்தால் மலை முழுவதும் ஆழம் கிடைத்துவிடுகிறது. எந்தக் குழுவாலும் கம்பி குத்தி அதைச் செய்ய முடியாது. ஏனென்றால் பனியின் ஆழம் அப்படிப்பட்டது. ஒரு பாறையின் காற்றுப் பக்கம் முழங்கால் அளவு, பத்தடி தள்ளி மறுபக்கம் தலைக்கு மேல். அடர்த்தியோ அவ்வளவு தாவாது. ஒரே உயரத்தில், ஒரே மாதிரி சரிவில், பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து எண்களாகத்தான் வரும்.

இதிலிருந்துதான் கள வேலையைப் பிரிக்கும் முறை வருகிறது. ஆழத்தை நிறைய அளங்கள், அடர்த்தியைக் குறைவாக, ஆனால் பிசகில்லாமல் அளங்கள். ஒரு குழிக்கு அரை நாள் போகிறது. அந்த நேரத்தில் ஆழக்கம்பியோடு ஒருவர் நூற்றுக்கணக்கில் குத்திவிடலாம். லைடார் வந்ததால் ஆழத்தின் பாரம் குறைந்தது. ஆழத்தை நீராக மாற்ற வேண்டிய அடர்த்தியை இன்னும் விமானம் கொண்டுவரவில்லை. அது கணினி மாதிரியமைப்பிலிருந்தும் உங்கள் குழியிலிருந்தும்தான் வருகிறது. ஒரு குழியின் 7 சதவீதம் இனி ஒரு புள்ளியின் பிழை அல்ல. லைடார் வரைபடத்தின் ஒவ்வொரு பிக்சலையும் அந்த அடர்த்தி பெருக்கப் போகிறது. முன்பு உங்கள் எண் ஒரு திட்டுக்குப் பேசியது, இப்போது மலைக்கே பேசுகிறது.

ஆழக்கம்பியிலும் கண் வேண்டும். பாசி படர்ந்த, மெத்தென்ற தரையில் கம்பி மண்ணுக்குள் இறங்கி ஆழத்தைக் கூட்டிவிடும். நடுவில் பனிக்கட்டித் தகடு இருந்தால் அதையே தரை என்று கை நம்பிவிடும். தகட்டில் பட்டால் கம்பி ‘டக்’ என்று எதிரொலிக்கும், கொஞ்சம் அழுத்தினால் உடைந்து சட்டென்று இறங்கும். தரையில் பட்டால் இறங்காது, மந்தமாக நிற்கும். சில நாட்களில் உள்ளங்கைக்கே அந்த வித்தியாசம் தெரிந்துவிடும். குழாயையோ கம்பியையோ சாய்க்காமல் இறக்குங்கள். 10 டிகிரி சாய்ந்தால் ஆழம் ஒன்றரை சதவீதம் கூடிவிடும். பக்கவாட்டில் நின்று ஒருவர் பார்த்துச் சொன்னால் போதும்.

இனி அறிக்கையில் என்ன எழுதுவது. குழி 40.6, குழாய் 41.0 என்று தனித்தனியாக எழுதுங்கள். முதல் இரண்டு குழாய் அளவுகளை அழிக்காதீர்கள். நீளம், எடை எல்லாவற்றோடும் பட்டியலில் வைத்து, எதிரே ‘அடி இழப்பு, சராசரியில் சேர்க்கவில்லை’ என்று குறிக்க வேண்டும். காரணத்தோடு ஒதுக்கிய எண்ணும் ஒரு தரவுதான். ஹோர் அடுக்கு எவ்வளவு தடிமனாக இருந்தது என்பதற்கு அந்த இரண்டு வரிகளும் சாட்சி. அடுத்த திட்டில் குழாய் தரையைத் தொட்டதும் சட்டென்று தூக்காமல், ஒரு அழுத்து அழுத்தி, கால் சுற்று திருகி மண்ணைக் கடிக்கவிட்டு எடுங்கள். நுனியைப் பார்த்துவிட்டுத்தான் தராசில் மாட்ட வேண்டும். குழியையும் மறக்காமல் மூடிவிடுங்கள்.

உங்கள் தோழி மண்ணோடு புல்வேரையும் எழுதியிருக்கிறாரே, அந்தக் கையையே அடுத்த முறையும் ஏடு எழுத விடுங்கள்.

தாரகை:

அப்படியே செய்கிறோம் அக்கா. வானிலை சரியாக இருந்தால் இந்த வாரமே மேற்குத் திட்டுக்குப் போகிறோம். அங்கே பனி ஆழம் குறைவு, ஹோர் அடுக்கு இன்னும் தடிமனாக இருக்கும் என்று நினைக்கிறேன். அளவுகள் கிடைத்ததும் நீளம், எடை, நுனி மூன்றையும் இங்கேயே பதிவிடுகிறேன். நீரோட்டம் ஐயா, 10 செ.மீ.க்கு ஒன்றாக எடுத்த வெப்பநிலை வரிசை முழுவதும் என்னிடம் இருக்கிறது, அதையும் சேர்த்துப் போடுகிறேன்.